பச்சை பெயிண்ட்டும் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வும்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஒரு சட்டமன்ற உறுப்பினரைச் சிறைப்பிடித்து வைத்திருக்கிறேன். அரசியல் காரணம் எதுவும் கிடையாது. அவருக்கு இடுப்பு வலி, எனக்கு அதிகப்பிரசங்கித்தனம். இரண்டும் ஒரே அறையில் சந்தித்துக்கொண்டதுதான் வினை.

எண்பதுகளின் தொடக்கம். பிசியோதெரபி படித்து முடித்த கையோடு, ஒரகடம் போகும் சாலையில் கன்னியாஸ்திரீகள் நடத்திவந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. தினமும் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்குவேன். பஸ் வந்தால் பஸ், வராத நாளில் செங்கல் லாரியின் முன்சீட்டு. (வெள்ளைக் கோட்டைப் பையில் சுருட்டி வைத்துக்கொள்வேன். ஒரு நாள் மறந்துபோய் மாட்டிக்கொண்டு ஏறிவிட்டேன். இறங்கும்போது செங்கல் தூசி படிந்து காவி உடுத்திய பெண் சாமியாராக இறங்கினேன்.) என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். அப்பா உறவினர்களிடம் "டாக்டருக்கு அடுத்த படிப்பு" என்பார். அம்மா "கரண்ட் வைக்கிற வேலை" என்பாள். அம்மாவின் விளக்கத்தை நம்பி, வீட்டில் ஃபியூஸ் போய்விட்டது என்று என்னைத் தேடி வந்தவர்களும் இருக்கிறார்கள்.

அந்த நாட்களில் எங்கள் தொழிலுக்கு இரண்டு தலைவலிகள். தொழிலாளர் காப்பீட்டில் எந்தெந்த சிகிச்சைக்குப் பணம் கொடுக்கலாம் என்று ஒரு பட்டியல் இருந்தது. மாத்திரைக்கு உண்டு, ஊசிக்கு உண்டு, மாவுக்கட்டுக்கு உண்டு. மாவுக்கட்டைப் பிரித்த பிறகு அந்தக் கை மடங்குமா நீளுமா என்பது பட்டியலின் கவலை இல்லை. அதில் எங்கள் சிகிச்சையே கிடையாது. அது போதாதென்று, ஆஸ்பத்திரிகளை முறைப்படுத்த ஒரு மசோதா சட்டசபைக்கு வரப்போவதாகப் பேச்சு. அதன் வரைவில் எங்களை எண்ணெய் மாலிஷ் நிலையங்களோடு ஒரே வரியில் உட்காரவைத்திருந்தார்களாம். டாக்டர் சீட்டு இல்லாமல் நோயாளியின் சுண்டுவிரலைக்கூட நாங்கள் தொடக் கூடாது என்று ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே இருந்த விதியையும் சட்டமாக்கப் போகிறார்களாம்.

எங்களுக்கும் ஒரு சங்கம் இருந்தது. தாம்பரத்தில் ஓர் ஓட்டலின் ஃபேமிலி ரூமில் மொத்தச் சங்கமும் அடங்கிவிடும். அங்கே காபி ஆறும்வரை விவாதித்து, ஆளுக்கு ஒரு எம்.எல்.ஏ.வைப் பிடித்து மனுக் கொடுத்து, சட்டசபையில் பேசவைப்பது என்று தீர்மானித்தோம். "ரெஜினா, உங்க தொகுதி உங்க பொறுப்பு" என்றார் சங்கத் தலைவர். ஏதோ நாட்டையே என்னிடம் ஒப்படைத்துவிட்டதுபோல நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

உண்மையில் சங்கத்தைவிட எனக்குத்தான் அவசரம் அதிகம். எங்கள் ஆஸ்பத்திரி நிர்வாகி சிஸ்டர் பெர்பெத்துவா கருணையே வடிவானவர், கணக்கு பார்க்காத நேரங்களில். கணக்கு பார்த்த ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "இந்த வருஷக் கடைசிக்குள்ள காப்பீட்டுக்காரங்க உன் சிகிச்சைய ஏத்துக்கணும். இல்லேன்னா உன் ரூம நிவாரணக் கோதுமை ஸ்டோராக்கிடுவேன்" என்றார். நான் மூன்று வேளையும் ஜெபித்தேன். சிஸ்டரும் ஜெபித்தார். கோதுமைக்காகவும் ஜெபித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த ரூம் போனால் என் வேலை போகும். அதைவிடப் பெரிய கவலை கன்னியப்பன்.

கன்னியப்பன் பக்கத்திலிருந்த பம்பு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். மேலே பாரம் தூக்கும்போது சங்கிலி நழுவி வலது தோளில் அடிபட்டு, மாவுக்கட்டெல்லாம் பிரித்த பிறகு என்னிடம் வந்தபோது அவர் கை உடம்போடு ஒட்டிக்கிடந்தது. மெழுகு ஒத்தடம் கொடுத்து, பயிற்சி கொடுத்து, அவரைக் கத்தவைத்து, நானும் கூடவே கத்தி, அந்தக் கையை நெஞ்சுவரை கொண்டுவந்துவிட்டேன். அதற்குள் காப்பீட்டு ஆபீசிலிருந்து இது பட்டியலில் இல்லை என்று பதில் வந்தது. கைக்காசு போட்டு வர அவரால் முடியவில்லை. "பாதிக் கை வந்துச்சே, அது போதும் மேடம்" என்று சொல்லிவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டார். கை தோளுக்கு மேலே போகாத ஃபிட்டரை எந்தக் கம்பெனி எத்தனை காலம் வைத்துக்கொள்ளும்? யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அழுகை அழுகையாக வரும்.

அந்தப் பாதிக் கைக்கு நன்றியாக, கன்னியப்பனும் கூட்டாளிகளும் கம்பெனியில் அனுமதி வாங்கி, பழைய இரும்பிலிருந்து எனக்கு ஒரு டிராக்‌ஷன் கட்டில் செய்துகொடுத்தார்கள். முதுகெலும்பை மெதுவாக இழுத்துப்பிடிக்கிற கட்டில் அது. நோயாளியின் நெஞ்சை ஒரு பெல்ட் தலைமாட்டோடு பிடித்துக்கொள்ளும், இடுப்பை இன்னொரு பெல்ட் கால்மாட்டுப் பக்கம் இழுக்கும். நான் காட்டிய படத்தில் ஒரு மெல்லிய கயிறும் சின்ன எடைக்கற்களும்தான் இருந்தன. கன்னியப்பனுக்கு அது பிடிக்கவில்லை. கால்மாட்டில் ஒரு கம்பம் நட்டு, அதன் உச்சியில் ஒரு பல்சக்கரம் வைத்தார். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற ஓர் இரும்பு நாக்கு டக் டக் என்று பல்லில் விழுந்து, இழுத்தது பின்னால் போகாமல் பிடித்துக்கொள்ளும். நாக்கைத் தூக்கிவிட ஒரு குட்டி லீவர். பெல்ட் இரண்டும் கம்பெனியின் கன்வேயர் பெல்ட். பக்கிளுக்குப் பதில் போல்ட்டும் நட்டும்.

"பக்கிள்லாம் நம்பக் கூடாது மேடம். இது ஒரு டன்னு வச்சாலும் அவுராது."

"கன்னியப்பன், இதுல படுக்கப்போறது மனுஷங்க."

"மனுஷனும் லோடுதான மேடம்."

இந்தக் கட்டிலைத் திறந்துவைக்க எம்.எல்.ஏ.வை அழைப்பது என்பது என் மூளையில் உதித்த யோசனை. வருவார், ரிப்பன் வெட்டுவார், பொன்னாடை போர்த்துவோம், அந்தச் சூட்டோடு மனுவைக் கையில் திணித்து, தூய தமிழில் நான் ஐந்து நிமிஷம் பேசுவேன். பேச்சைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். அதில் நானே கண்ணீர்விடும் ஓர் இடம்கூட இருந்தது.

எம்.எல்.ஏ. வருகிறார் என்றால் எங்கள் பக்கத்தில் நகராத பொருள் எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். ஆஸ்பத்திரி கேட்டுக்கு அடித்தது போக டப்பாவில் பச்சை எனாமல் மீதி இருந்தது. துருப்பிடித்த கட்டிலையா எம்.எல்.ஏ. திறந்துவைப்பது என்று, முந்தின நாள் சாயந்திரம் நானே பிரஷ்ஷை எடுத்தேன். எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்யப் பிடிக்காது. காலுக்கு அடித்தேன், கம்பத்துக்கு அடித்தேன், போல்ட்டுகளுக்கு அடித்தேன். ஸ்டூல் போட்டு ஏறி, பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லுக்கும் இடுக்கில் பிரஷ்ஷை நுழைத்து அடித்தேன். நாக்குக்கும் லீவருக்கும் இரண்டு கோட்டு. கட்டில் கிளிக்குஞ்சு மாதிரி இருந்தது. சிஸ்டரே பார்த்துப் பாராட்டினார்.

மறுநாள் எம்.எல்.ஏ. தாமதமாகத்தான் வந்தார். அதே நாளில் வல்லக்கோட்டை முருகனைத் தரிசிக்க ஒரு மந்திரி வருவதாக இருந்தது. எம்.எல்.ஏ. அங்கே போய் மாலை போட்டு வரவேற்க வேண்டும். "பத்தே நிமிஷம்தான், சீக்கிரம் முடிச்சுக்கங்க" என்று கட்சியின் ஒன்றியச் செயலாளர் இறங்கும்போதே சொன்னார். மந்திரிக்கான மாலை ஜீப்பில் வாடிவிடும் என்று அதையும் ஓர் ஆள் கையில் தூக்கிக்கொண்டே உள்ளே வந்தார். ஆள் உயர ரோஜா மாலை.

இந்த இடத்தில் எங்கள் தொழிலுக்கே உரிய ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எதிரே வருகிறவரின் முகத்தை நாங்கள் பார்ப்பதில்லை. எந்தக் கால் பயந்து பயந்து தரையில் படுகிறது, இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்றுதான் பார்ப்போம். (என் கல்யாணப் பேச்சின்போதும் மாப்பிள்ளையைப் பற்றி அம்மா அபிப்பிராயம் கேட்டதற்கு, "பாதம் கொஞ்சம் தட்டை, மத்தபடி பரவாயில்ல" என்றுதான் சொன்னேன்.) எம்.எல்.ஏ. வராந்தாவில் நடந்து வந்த லட்சணத்தைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு, மனு, கண்ணீர்விடும் இடம் எல்லாம் மறந்துபோனது.

"இன்னாம்மா அப்படிப் பாக்கற?" என்றார் அவர்.

"ஐயா, உங்களுக்கு இடது கால்ல வலி இருக்கு. இடுப்புல ஆரம்பிச்சு, தொடைக்குப் பின்னால போய், கெண்டைக்கால் வரைக்கும் இழுக்கும். இருமினா சுரீர்னு ஏறும்."

அவர் ஒன்றியச் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார். "யார்றா சொன்னது இவங்களுக்கு?"

"நான் சொல்லலண்ணே."

"யாரும் சொல்லலைங்க ஐயா. நீங்க நடந்து வந்ததுல தெரிஞ்சுது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லாதம்மா. அடுத்த தடவ சீட்டு கேக்கும்போது, வயசாயிடுச்சுன்னு ஒதுக்கிடுவானுங்க. சட்டசபையில உக்கார முடியல. எழுந்து நின்னு பேசினா கொஞ்சம் தேவலாம்னு தோணும். ஆனா எழுந்து பேசறதுக்கு விஷயம் வேணுமே." பிறகு கட்டிலைப் பார்த்தார். "இதுல படுத்தா போவுமா?"

சிஸ்டர் பெர்பெத்துவா என் முழங்கையைக் கிள்ளினார். "டாக்டர் சீட்டு இல்லாம தொடக் கூடாது, தெரியுமில்ல? எலும்பு டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார்."

தெரியும். அந்த விதியை மாற்றச் சொல்லித்தான் என் கோட்டுப் பையில் மனு இருந்தது. ஆனால் மனுவைக் கொடுப்பதற்கு முன்னாலேயே நான் விதியை மாற்றிவிட்டேன். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? வலி போகட்டும், மனிதர் தானாகவே சட்டசபையில் முழங்குவார் என்று கணக்குப் போட்டேன். காலைத் தூக்கிப் பார்த்தேன், முழங்காலைத் தட்டிப் பார்த்தேன், கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். படுக்கவைத்து, பெல்ட்டுகளைப் பூட்டி, கைப்பிடியைச் சுற்றினேன். டக், டக் என்று விழுந்த நாக்கு நாலாவது தடவை டக் என்று சொல்லாமல் சொத் என்றது. அப்போதாவது நான் யோசித்திருக்கலாம்.

மென்மையான இழுப்புதான். கொஞ்ச நேரத்தில் எம்.எல்.ஏ.வின் முகமே மாறியது. "அட, கால் வலி எங்க போச்சு?" என்றார். நான் சிஸ்டரைப் பெருமையோடு பார்த்தேன். கோதுமை மூட்டைகள் ஒவ்வொன்றாக வாசல் வழியே வெளியேறுவது எனக்குக் கண்ணுக்குத் தெரிந்தது.

நேரம் முடிந்து லீவரை அழுத்தினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினேன். தொங்கினேன். மேலே காய்ந்ததுபோல் இருந்த பெயிண்ட் உள்ளே காயாமல் கோந்தாக இருந்து, நாக்கு, பல், லீவர் மூன்றையும் ஒன்றாக ஒட்டிவைத்திருந்தது. பெல்ட்டைக் கழற்றலாம் என்றால் நட்டுகளின் மரைக்குள்ளும் பெயிண்ட். இழுப்பும் சேர்ந்துகொண்டதில் விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

"இன்னாம்மா, ஆச்சா?"

"இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா ரொம்ப நல்லதுங்க ஐயா" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையாக நான் பேசியதே இல்லை.

சிஸ்டர் ஆபரேஷன் கத்தரிக்கோலைக் கொண்டுவந்தார். கன்வேயர் பெல்ட்டுக்குக் கூச்சம்கூட வரவில்லை. நான் சமையலறைக் கத்தியை எடுத்துவந்தேன். ஒன்றியச் செயலாளர் குறுக்கே பாய்ந்தார். "அண்ணன் வயித்துகிட்ட கத்தியா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கட்சிக்கு யார் பதில் சொல்றது?" கத்தி சமையலறைக்குத் திரும்பியது. மந்திரியின் கார் தண்டலம் தாண்டிவிட்டதாக ஒருவர் ஓடிவந்து சொன்னார்.

இதற்குள் வெளியே செய்தி பரவிவிட்டது. எம்.எல்.ஏ. உள்ளே படுத்திருக்கிறார், எழுந்து போக முடியாது. எங்கள் சுற்றுவட்டார மக்கள் பல எம்.எல்.ஏ.க்களைப் பார்த்திருக்கிறார்கள், எழுந்து போக முடியாத எம்.எல்.ஏ.வை அதுவரை பார்த்ததில்லை. ஏரிக்கரைக்கு ரோடு கேட்டவர்கள், ரேஷன் கடை கேட்டவர்கள், பட்டாவுக்கு நடந்து செருப்பு தேய்ந்தவர்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். அவசரமே இல்லாமல் முதலிலிருந்து கடைசிவரை விவரம் சொல்லி, மனுவை அவர் நெஞ்சு பெல்ட்டில் செருகிவிட்டுப் போனார்கள். "போன வருஷமும் இதத்தான் சொன்னேன், நீங்க ஜீப்பு ஏறிட்டீங்க" என்றார் ஒருவர், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு.

மாலையைத் தூக்கிவந்த ஆள், அதைக் கீழே வைக்க இடமில்லாமல், கட்டிலின் தலைமாட்டில் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலில் புதிதாக வந்த ஓர் அம்மா எட்டிப் பார்த்தாள். மல்லாக்கப் படுத்த எம்.எல்.ஏ., தலைமாட்டில் ரோஜா மாலை, சுற்றிலும் வெள்ளை உடுப்பில் கன்னியாஸ்திரீகள். அவள் வேறென்ன நினைப்பாள்? நெஞ்சில் அடித்துக்கொண்டு, "என் ராசா, ரேஷன் கடை தரேன்னியே, அதுக்குள்ள போயிட்டியே" என்று ஆரம்பித்துவிட்டாள்.

"நான் உயிரோடதான் கீறேன்" என்றார் எம்.எல்.ஏ. அவள் அழுகையை நிறுத்திவிட்டு, சட்டென்று வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலாம் என்று இருந்திருக்கும். "வலி சுத்தமா இல்லம்மா. ஆனா மானம் போவுது. கழட்டி வுட்டுடு" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

ஒன்றியச் செயலாளர் ஸ்டூலில் ஏறி எதையோ முறுக்க, இழுப்பு குறைவதற்குப் பதில் ஒரு பல் கூடியது. எம்.எல்.ஏ. அலறினார். அதற்கு மேல் தாங்காமல் நான் உண்மையைச் சொன்னேன். இதைச் செய்த ஆளால் மட்டும்தான் இதைக் கழற்ற முடியும், அவர் பம்பு கம்பெனியில் டியூட்டியில் இருக்கிறார் என்றேன். ஜீப் பறந்தது.

கன்னியப்பன் எண்ணெய்க் கையோடு வந்து நின்றார். கட்டிலில் கிடந்தவரைவிட, கட்டிலைப் பார்த்துத்தான் அவர் முகம் சுருங்கியது. "யார் மேடம் இதுக்குப் பெயிண்ட் அடிச்சது?"

"நான்தான்."

"கிரீஸ் வைக்கிற எடத்துலயா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது ஒன்றியச் செயலாளருக்கு அவரை அடையாளம் தெரிந்துவிட்டது. "அண்ணே, இவன் அந்தக் கட்சி யூனியன் ஆளு. ஆயுத பூஜைக்கு நம்ம கொடிய எறக்கினவன். வேணும்னே பொறி வச்சிருக்கான்."

கட்டிலில் இருந்தபடியே எம்.எல்.ஏ. கேட்டார். "நீ எந்தக் கொடிய்யா?"

"உங்க கொடி இல்ல சார்."

"சரி. கழட்டத் தெரியுமா?"

"தெரியும் சார். மேல அந்த சக்கரத்துக்குப் பின்னால ஒரு போல்ட்டு கீது. அத லூஸ் பண்ணா எல்லாம் தானா தளர்ந்துக்கும். பக்கத்து போல்ட்டத் தொட்டா சக்கரமே உங்க கால் மேல வுழும். பெயிண்ட்டுல ரெண்டும் ஒண்ணாத் தெரியுது. தொட்டுப் பாத்தாதான் எனக்குத் தெரியும்."

"அப்ப தொட்டுப் பாரேன்யா."

கன்னியப்பன் ஸ்பேனரை இடது கையில் எடுத்தார். கம்பத்தின் பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது, ஆளோடு கட்டிலை நகர்த்தவும் முடியாது. ஸ்டூலில் ஏறினால் சக்கரம் மறைக்கும்; கீழே நின்று வலது கையை மேலே நீட்டினால்தான் அந்த இடுக்கில் நுழையும். வலது கை நெஞ்சுவரை வந்து நின்றுவிட்டது. "ஏற மாட்டேங்குது சார். ஃபேக்டரில இதப் படுக்க வச்சுதான் பூட்டினேன்."

"கைக்கு இன்னா?"

"அடிபட்டுச்சு. மேடம்தான் இம்மா தூரம் கொண்டாந்தாங்க. அப்புறம் இந்த வைத்தியம் லிஸ்ட்ல இல்லன்ட்டாங்க. நின்னுட்டேன்."

எம்.எல்.ஏ. கழுத்தைத் திருப்பி அந்தக் கையைப் பார்த்தார். நான் போய் கன்னியப்பனின் பக்கத்தில் நின்றேன். ஒரு கையால் தோள்பட்டையைப் பிடித்து, இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கி, அவர் என்னிடம் வந்துகொண்டிருந்த நாட்களில் செய்ததுபோல மெதுவாக உயர்த்தினேன். தோள் மட்டத்துக்கு வந்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது.

"வலிக்குது மேடம்."

"தெரியும். மூச்ச விடுங்க. இன்னும் கொஞ்சம்."

"அவனுக்கு வலிக்குதாம்மா, மெதுவாத் தூக்கு" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. ஒன்றியச் செயலாளர் திடுக்கிட்டுத் தன் தலைவரைப் பார்த்தார்.

விரல்கள் சக்கரத்துக்குப் பின்னால் போய்த் தடவின. ஒரு போல்ட்டைத் தொட்டு, வேண்டாம் என்று தலையசைத்து, அடுத்ததைப் பிடித்துக்கொண்டன. தோள்பட்டையிலிருந்த கையை எடுத்து, அவர் இடது கையிலிருந்த ஸ்பேனரை நான் வலது கைக்கு மாற்றிக்கொடுத்தேன். அவர் கையை நான் தாங்க, அவர் திருப்பினார். பெயிண்ட் மெல்ல விரிசல் விட்டது. இடுப்பு பெல்ட் தளர்ந்தது. அறையில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டோம். பெல்ட்டின் நட்டுகளும் இழுப்பு போனதும் வழிக்கு வந்தன.

எம்.எல்.ஏ. எழுந்தார். நெஞ்சிலிருந்து மனுக்கள் கொட்டின. நடந்து பார்த்தார், நேராக நடந்தார். வேட்டியின் பின்பக்கம் முழுக்கப் பச்சைக் கோடுகள். (அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.) மந்திரி சாமி கும்பிட்டுவிட்டுப் போய்விட்டதாகச் செய்தி வந்தது. எம்.எல்.ஏ. விடைகூடச் சொல்லிக்கொள்ளாமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். என் மனு என் கோட்டுப் பையிலேயே இருந்தது. ரிப்பனைக்கூட யாரும் வெட்டவில்லை.

"கோதுமை எப்ப அனுப்புவாங்கன்னு எழுதிக் கேக்கறேன்" என்றார் சிஸ்டர். அன்றைக்குச் செங்கல் லாரியில் திரும்பும்போது டிரைவர் பாவம் பார்த்து ரேடியோவை நிறுத்திவிட்டார். அந்த அளவுக்கு அழுதிருக்கிறேன்.

சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குக் கிளம்பும் நேரத்தில், அப்பா பேப்பரின் உள்பக்கத்தை உரக்கப் படித்தார். எங்கள் எம்.எல்.ஏ. சட்டசபையில் எழுந்து பேசியிருந்தார். மாவுக்கட்டு போட்டால் பணம் கொடுக்கிறீர்கள், கட்டுப் பிரித்த கை மேலே ஏற வேண்டாமா, ஏறாத கையை வைத்துக்கொண்டு தொழிலாளி எப்படி வேலை செய்வான், பட்டியலில் இந்த சிகிச்சையைச் சேர்த்தால் என்ன என்று கேட்டிருந்தார். உறுப்பினருக்கு இதிலெல்லாம் எப்படி இவ்வளவு அறிவு என்று எதிர்வரிசையிலிருந்து ஒருவர் கேட்க, படுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்று பதில் சொல்லியிருந்தார். அந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று போட்டிருந்தார்கள். என் மனுவில் இருந்த பதினைந்து பாராவில் ஒன்றுகூட அந்தப் பேச்சில் இல்லை. பேச்சு அதனால்தான் நன்றாக இருந்தது.

அந்த வருடம் முடிவதற்குள் எங்கள் சிகிச்சை பட்டியலில் ஏறிவிட்டது. மாலிஷோடு எங்களை உட்காரவைத்த மசோதா எந்த அலமாரியிலோ தூங்கிப்போனது. டாக்டர் சீட்டு விஷயம் மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு எங்கள் சங்கம் இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறது. ஃபேமிலி ரூம் இப்போது போதவில்லை. சிஸ்டர் கோதுமையைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. பெயிண்ட் டப்பாவை மட்டும் தன் அறையில் பூட்டிவைத்துக்கொண்டார்.

கன்னியப்பன் திரும்பி வந்தார். மறுபடி மெழுகு, மறுபடி பயிற்சி, மறுபடி இருவரும் சேர்ந்து கத்தினோம். கை தோளைத் தாண்டியது, காதைத் தொட்டது. அதற்கு மேல் எவ்வளவு போகும் என்பதை, என் அறைக்கு வெளியே, அடுத்த தேர்தலில்தான் பார்த்தேன்.

எம்.எல்.ஏ.வுக்கு மறுபடி சீட்டுக் கிடைத்திருந்தது. ஓட்டுக் கேட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார். உள்ளே வாங்க ஐயா என்று எவ்வளவு கூப்பிட்டும் கேட்டைத் தாண்டவில்லை. நான் வெளியே போய்ப் பக்கத்தில் நின்று, இடுப்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து எதிர்க்கட்சி ஊர்வலம் அந்த வழியாகவே வந்தது. முன்வரிசையில் கன்னியப்பன். வலது கையில் கொடி. கை காதை உரசிக்கொண்டு, முழங்கை துளியும் மடங்காமல், வானத்தைப் பார்த்து நேராக நின்றது. தோளில் சாய்வில்லை, முகத்தில் வலியில்லை. "ஒழிக" என்று அவர் கத்தும்போதெல்லாம் கை இன்னும் ஒரு விரற்கடை மேலே போனது. யார் ஒழிய வேண்டும் என்று கத்தினார் என்பது சத்தியமாக என் காதில் விழவில்லை. எனக்குக் கை மட்டும்தான் தெரிந்தது. கண்ணெல்லாம் நிறைந்துபோய், எம்.எல்.ஏ.வின் பக்கத்திலேயே நின்றுகொண்டு, நான் கை தட்டிவிட்டேன்.

எம்.எல்.ஏ. ஊர்வலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏம்மா ரெஜினா, அந்தக் கைய இவ்ளோ நல்லாவா சரி பண்ணுவாங்க?"

எங்கள் வீட்டில் இன்றுவரை அந்தக் கேள்வி ஓயவில்லை. மகளுக்கு நான் உயிரைக் கொடுத்துப் பேச்சுப்போட்டிக்குப் பயிற்சி கொடுத்து, அவள் அந்தத் திறமையையெல்லாம் என்னோடு வாதாடுவதற்கே பயன்படுத்தியபோது, தட்டைப் பாதத்துக்காரரான என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் அதைத்தான் கேட்டார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் பதிலை நான் அன்றைக்கே ஆஸ்பத்திரி வாசலில் சொல்லிவிட்டேன்.

"கை இன்னும் கொஞ்சம் பின்னால போகணும்ங்க ஐயா. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்."